கருமந்தி மரத்தைவிட்டு இறங்கியது

கொண்டைமலைக் காட்டில் முகிலி என்று ஒரு கருமந்தி இருந்தது. அதன் குரலுக்கு அந்த மலையில் ஈடு கிடையாது. உச்சிக் கிளையில் உட்கார்ந்து "ஊவ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிர்மலையில் மேய்கிற மான்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். புலி வந்தால் முதலில் சொல்வது முகிலி. செந்நாய் வந்தால் முதலில் சொல்வதும் முகிலி. அந்தக் குரல் கேட்டதும் காடே மேட்டைப் பார்த்து ஓடும், தப்பித்துக்கொள்ளும்.

"என் குரல் மட்டும் இல்லாவிட்டால் இந்த மலையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்!" என்று முகிலி வாலைச் சுழற்றிக்கொண்டு சொல்லும். கேட்பதற்குக் கர்வமாக இருக்கும். ஆனால் அது பொய் இல்லை.

போன கோடையில்தான் அந்தக் குரலால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று.

கொண்டைமலையின் சரிவு முழுவதும் சுக்குநாறிப் புல். மழைக்காலத்தில் பச்சையாக நின்று மணக்கும். கோடையில் காய்ந்து சருகாகிவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும். போன கோடையில் அப்படித்தான் அடிவாரத்தில் ஒரு பொறி விழுந்தது. தீயைப் பார்த்ததும் எல்லா மிருகங்களும் மேலே ஓடின. மலையின் உச்சியில் மொட்டைப்பாறை இருக்கிறது. அங்கே புல் கிடையாது. அங்கே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவை நினைத்தன. அவற்றின் தாய்மாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முகிலி அன்றைக்கு ஓடைக்கு அப்பால், உயரமான ஒரு மரத்தில் இருந்தது. நடந்ததை முழுதாகப் பார்த்தது அது ஒன்றுதான். தரையில் தவழ்ந்து வந்த தீ, சரிவில் கால் வைத்ததும் சிறுத்தைபோலப் பாய்ந்தது. ஓடுகிறவர்களைவிட வேகமாக ஓடியது. பலர் பாறையை எட்டவே இல்லை. காட்டெருமைக் கூட்டத்தில் கொம்பாயியின் தங்கை போயிற்று. முயல் பஞ்சுவின் குட்டிகள் எல்லாமே போயின.

முகிலி இன்னொன்றையும் பார்த்தது. சரிவின் கிழக்கு ஓரத்தில் ஒரு சேற்றுப்பள்ளம் உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று அதில் கசிந்துகொண்டே இருக்கும். கோரை பச்சையாக நிற்கும். சேறும் அட்டையும் வீச்சமுமாகக் கிடப்பதால் தரையில் நடப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மலையையே தின்ற தீ, அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து புஸ்ஸென்று அணைந்துபோயிற்று.

'அட! எல்லோரும் பக்கவாட்டில் ஓடி இந்தப் பள்ளத்தில் நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதே!' என்று முகிலி துடித்தது.

மழை வந்தது. புல் முளைத்தது. மழை முடிந்து புல் மறுபடியும் வெளுக்கத் தொடங்கியபோது முகிலி எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. அத்தி மரத்தின் உயரமான கிளையில் உட்கார்ந்து பேசியது.

"கேளுங்கள்! தீ மேலே ஏறும்போது பாயும். கீழே இறங்கும்போது நொண்டும். மேலே ஓடுகிறவர் தீயோடு பந்தயம் ஓடுகிறார். பக்கவாட்டில் ஓடுகிறவர் தீக்கு வழிவிட்டு விலகுகிறார். அதனால் அடுத்தமுறை தீ வந்தால் மொட்டைப்பாறையை மறந்துவிடுங்கள். கிழக்கே ஓடுங்கள்! சேற்றுப்பள்ளத்துக்கு ஓடுங்கள்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது.

"ஆகா! என்ன பேச்சு!" என்று முள்ளம்பன்றி முட்களைக் கலகலவென்று உலுக்கியது.

"நன்றாகச் சொன்னாய், முகிலி!" என்று கொம்பாயி தலையாட்டியது. கொம்பாயிதான் காட்டெருமைக் கூட்டத்துக்குத் தலைவி. அது ஆட்டினால் அத்தனை எருமைகளும் தலையாட்டும். ஆட்டின.

காட்டுப்பன்றி மூக்கையன் மட்டும் "ம்!" என்று உறுமிவிட்டுக் கிழங்கு தோண்டப் போயிற்று.

முகிலி அன்றைக்கு மரத்துக்கு மரம் பறந்தது. "நான் சொன்னேன், எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இனிமேல் கவலை இல்லை!" என்று தன் கூட்டத்தாரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தது.

பனிக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் அடிவாரத்தில் புகை கிளம்பியது. முகிலி உச்சிக்கிளைக்குத் தாவியது.

"ஊவ்! ஊவ்! தீ! பள்ளத்துக்கு ஓடுங்கள்!"

காடே கிளம்பியது. எருமைகள் தடதடவென்று ஓடின. பன்றிகள் ஓடின. முயல்கள் பறந்தன. எல்லாம் ஓடின, ஒன்று தவறாமல் மேட்டைப் பார்த்து! "ஆகா, என்ன பேச்சு!" என்று புகழ்ந்த முள்ளம்பன்றிதான் எல்லோருக்கும் முன்னால் மொட்டைப்பாறையில் நின்றது.

நல்லவேளை, அது பெரிய தீ இல்லை. வழிப்போக்கர் யாரோ சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு. பனி ஈரத்தில் அதுவாகவே அடங்கிவிட்டது.

முகிலிக்கு முகம் கறுத்தது. கருமந்திக்கு அதற்குமேல் கறுக்க முடியுமானால்! கிளைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தியது.

"உங்களுக்குக் காது இல்லையா? மூளை இல்லையா? அன்றைக்குத் தலையாட்டினீர்களே, எதற்கு ஆட்டினீர்கள்? கழுத்து வலியா?"

கொம்பாயி வருத்தமாகச் சொன்னது: "நீ சொன்னது நினைவிருக்கிறது, முகிலி. ஆனால் காலுக்கு அது தெரியவில்லையே. புகை வந்ததும் கால்தான் முதலில் கிளம்பியது. நான் பின்னால்தான் போனேன்."

"நீ பார்த்தேன் பார்த்தேன் என்கிறாய்," என்றது மூக்கையன். "நீ மரத்தின் மேலே இருந்து பார்த்தாய். எனக்கு என் மூக்குக்கு முன்னால் இருப்பதே மங்கலாகத்தான் தெரியும். நீ பார்த்ததற்காக நான் ஏன் சேற்றில் போய் நிற்க வேண்டும்? இன்னொரு விஷயம். யாராவது 'ஓடு' என்று எனக்குக் கட்டளை போட்டால், அதற்கு நேர் எதிராகத்தான் ஓடத் தோன்றுகிறது!"

பஞ்சு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. முகிலி "நீயுமா?" என்று கத்தியதும் நடுங்கிப்போய்ப் புதருக்குள் மறைந்தது.

"எப்படியோ போங்கள்! வெந்து சாகுங்கள்! எனக்கென்ன, நான் மரத்தில் இருப்பவள்!" என்று சொல்லிவிட்டு முகிலி உச்சிக்கிளைக்கு ஏறிப் போயிற்று. அங்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கோபமாக உட்கார்ந்தவர்களுக்கு வேறு வேலை இருப்பதில்லை. வேடிக்கை பார்ப்பார்கள். முகிலியும் கீழே வேடிக்கை பார்த்தது.

கொம்பாயி தன் கூட்டத்தை மேய்ச்சலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் நடந்தது, அவ்வளவுதான். கன்றுகள் தாயின் குளம்படியிலேயே குளம்பு வைத்து நடந்தன. நேற்று நடந்த வழி, முந்தாநாள் நடந்த வழி, அதே வளைவு, அதே கல்.

முகிலிக்குச் சுருக்கென்றது. 'இந்தக் கொம்பாயி வாழ்நாளில் ஒன்றைக்கூடக் காதால் கற்றதில்லையே! எல்லாம் காலால் கற்றது. இவளிடம் போய் நான் பந்தயம், பாய்ச்சல் என்று பேசிக்கொண்டிருந்தேனே!'

போன கோடையில் எரிந்துபோனவர்களும் நினைவுக்கு வந்தார்கள். 'அவர்கள் எனக்குக் கீழ்ப்படியவில்லை என்பதா இப்போது பெரிது? அவர்கள் பிழைப்பது அல்லவா பெரிது!'

கருமந்திகள் பெரும்பாலும் தரையில் நடப்பதில்லை. கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள். முகிலி கிளை கிளையாக இறங்கி வந்து தரையில் கால் வைத்தது. நீண்ட வாலில் ஒட்டுப்புல் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

"என்ன முகிலி, வால் தரையைப் பெருக்குகிறதே!" என்று கொம்பாயி சிரித்தது.

"பெருக்கட்டும் அக்கா. உங்களுக்கு உப்பு மண் பிடிக்குமா?"

"பிடிக்குமாவா! அதற்காக ஓடைக்கு அப்பால் எவ்வளவு தூரம் நடக்கிறோம்!"

"சேற்றுப்பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. நாங்களே அவ்வப்போது இறங்கித் தின்போம்."

கொம்பாயியின் காது நிமிர்ந்தது. பிறகு தொங்கியது. "அந்தப் பக்கம் நாங்கள் போனதில்லையே."

முகிலி அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருப்பது அதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஓடியது. உப்பு மண் கட்டி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து, எருமைகள் மேய்கிற இடத்துக்குச் சற்றுக் கிழக்கே போட்டது. கொம்பாயி வந்து நக்கிப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ரசித்தது. மறுநாள் கட்டி இன்னும் கொஞ்சம் கிழக்கே கிடந்தது. அடுத்த நாள் இன்னும் கிழக்கே. ஒருநாள் காற்றில் கோரை சலசலத்ததற்கு மிரண்டு கூட்டம் முழுவதும் திரும்பி ஓடிவிட்டது. முகிலி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

புல் நன்றாகக் காய்ந்த சமயத்தில், எருமைக் கூட்டம் தினமும் சாயங்காலம் தானாகவே பள்ளத்துக்குப் போய் உப்பு மண் நக்கிவிட்டு வந்தது. யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உயரமான புல்லுக்கு நடுவே அகலமான ஒரு தடம் விழுந்துவிட்டது.

அடுத்தது மூக்கையன். முகிலி அதைத் தேடிப் போகும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது: 'கட்டளை போடாதே! கட்டளை போடாதே!'

"மூக்கையண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்."

"உனக்கா? சந்தேகமா?" மூக்கையனுக்கு நம்பவே முடியவில்லை.

"போன கோடையில் தீ எங்கெல்லாம் போனது என்று நான் கண்ணால் பார்த்தது சரியா, தப்பா என்று தெரியவில்லை. புகையில் கண் எரிந்தது. தப்பாகக்கூடப் பார்த்திருப்பேன். மண்ணுக்குள் இருப்பதைச் சொல்ல உங்கள் மூக்கை விட்டால் இந்த மலையில் வேறு மூக்கு ஏது?"

"அது சரிதான்," என்றது மூக்கையன். உடனே தரையை முகர்ந்துகொண்டு கிளம்பிவிட்டது.

மேல்சரிவுக்குப் போய் மண்ணைக் கிளறியது. "கரி!" என்றது. மொட்டைப்பாறையின் அடிவாரத்தில் கிளறியது. "இங்கேயும் கரி! வேரெல்லாம் வெந்திருக்கிறது!" ஓரிடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. போன கோடையில் அதன் அண்ணன் விழுந்த இடம் அது. முகிலியும் பக்கத்தில் நின்றது.

பிறகு மூக்கையன் கிழக்கே இறங்கியது. பள்ளத்தின் விளிம்பில் முகர்ந்தது. இன்னும் உள்ளே போய் மூக்கைச் சேற்றில் முக்கிக் கிளறியது. அங்கே தோண்டியது, இங்கே தோண்டியது. திடீரென்று தலையைத் தூக்கிக் கத்தியது.

"முகிலி! இங்கே கரி வாசனையே இல்லை! அடிமண்ணில்கூட இல்லை! போன கோடை மட்டுமா? நான் பிறப்பதற்கு முன்னால் வந்த தீகூட இதற்குள் நுழைந்ததில்லை! தெரியுமா உனக்கு?"

'இதைத்தானே அப்போதே சொன்னேன்!' என்ற வார்த்தை முகிலியின் தொண்டைவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அதை விழுங்கியது.

"அப்படியா அண்ணே? அப்படியானால் தீ வந்தால் எங்கே போய் நிற்பது நல்லது?"

"இதில் என்ன கேள்வி? இங்கேதான்! நீ அன்றைக்குக் கிளையில் உட்கார்ந்து கத்தினாயே, அப்போதே இந்தச் சேற்றை மோந்து பார்க்கச் சொல்லியிருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன்!"

அன்று முதல் மூக்கையன் எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், கேள்!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

பஞ்சுவைத்தான் பிடிக்க முடியவில்லை. முகிலியின் நிழல் விழுந்தாலே பஞ்சு ஓடிவிடும். கத்திய கத்தல் அப்படி. முகிலி ஒரு புதருக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தது. புல்லின் நுனியைக் கடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தது. தினமும் வந்து அப்படியே உட்கார்ந்தது. கடைசியில் புதருக்குள்ளிருந்து இரண்டு காது எட்டிப் பார்த்தன.

"அக்கா, இன்றைக்குக் கத்த மாட்டீர்களே?"

"கத்த மாட்டேன்," என்றது முகிலி மெல்லிய குரலில். தனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "அன்றைக்கு நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. அது என்ன?"

பஞ்சு கொஞ்சம் வெளியே வந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு புதிதாகப் பிறந்த குட்டிகள் இருந்தன.

"பள்ளத்துக்கு ஓடு, ஓடு என்றீர்கள். அந்தச் சேற்றில் நீங்கள் மரத்தைப் பிடித்துத் தொங்குவீர்கள். எருமை நெஞ்சளவில் நிற்கும். என் குட்டிகள்? காதுவரை மூழ்கிவிடுமே! தீயில் சாவதற்குப் பதில் சேற்றில் சாகச் சொல்கிறீர்களா?"

முகிலி திகைத்துப்போயிற்று. எவ்வளவு அழகாகப் பேசினோம், இதை ஒருமுறைகூட யோசிக்கவில்லையே!

"நீ சொல்வது சரி, பஞ்சு. நான் யோசிக்காதது என் தப்பு. வா, போய்ப் பார்ப்போம். நீயே பார்த்துச் சொல்."

இரண்டும் எருமைத் தடத்தின் வழியாகப் போயின. பஞ்சு நாலு எட்டு வைக்கும், நின்று நடுங்கும், மறுபடியும் நாலு எட்டு வைக்கும். முகிலி அவசரப்படுத்தவில்லை. பள்ளத்தில் கோரைக்கு நடுவே சின்னச் சின்னத் திட்டுகள் இருந்தன. எருமைகள் கோரையை மிதித்து மிதித்து, அந்தத் திட்டுகளுக்குப் போகிற வழி மெத்தைபோல அமுங்கிக் கிடந்தது. பஞ்சு ஒரு காலை வைத்துப் பார்த்தது. அமிழவில்லை. இரண்டு காலை வைத்தது. ஒரே தாவலாகத் திட்டின்மேல் போய் நின்றது!

"அக்கா, இங்கே உட்காரலாம்! குட்டிகளையும் வைத்துக்கொள்ளலாம்!"

"பிறகு என்ன? தீ வந்தால் நான் குரல் கொடுக்கிறேன். நீ நேரே இங்கே வந்துவிடு."

பஞ்சு தலையை ஆட்டியது. "அது முடியாது, அக்கா. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் புலி ஞாபகம்தான் வரும். பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்கு மேட்டைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறேன். நீங்கள் 'தீ' என்கிறீர்களா, 'பள்ளம்' என்கிறீர்களா, அதெல்லாம் காதில் விழாது."

பனிக்காலத்தில் எல்லோரும் மேலே ஓடியதற்குக் காரணம் இப்போதுதான் முகிலிக்கு விளங்கியது. அவர்களை மேலே துரத்தியதே தன்னுடைய அருமையான குரல்தான்!

"அப்படியானால் உனக்கு எந்தச் சத்தம் கேட்கும்?"

"நாங்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல வேண்டுமானால் பின்காலால் தரையை உதைப்போம். அது காதில் கேட்பதற்கு முன்னால் பாதத்தில் கேட்கும்."

முகிலி சுற்றுமுற்றும் பார்த்தது. சரிவின் நடுவே பட்டுப்போன ஒரு வேங்கை மரம் நின்றது. உள்ளே பொந்து. முகிலி அதன்மேல் ஏறி இரண்டு காலாலும் உதைத்தது. 'தொம்! தொம்!' தரை அதிர்ந்தது. பஞ்சுவின் காது விறைத்தது.

"இது கேட்கிறது! இதுவரை இந்தச் சத்தத்துக்கு நான் எங்கேயும் ஓடியதில்லை. இதற்குப் பள்ளம் என்று வைத்துக்கொள்ளலாம்!"

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. முகிலி 'தொம் தொம்' என்று உதைக்கும். முயல்கள் பள்ளத்துக்குப் பறக்கும். யார் முதலில் திட்டில் ஏறுவது என்று போட்டி. எருமைக் கன்றுகள் தாங்களாகவே ஆட்டத்தில் சேர்ந்துகொண்டன. மூக்கையன் மேட்டில் நின்றுகொண்டு, "இப்படி இல்லை, இந்த வழியாகப் போ!" என்று எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தது. தான் சொல்ல, மற்றவர்கள் கேட்பது அதற்கு மிகவும் பிடித்திருந்தது.

முள்ளம்பன்றி மட்டும் எதற்கும் மசியவில்லை. முகிலி உப்பு மண் காட்டினால் வேண்டாம் என்றது. சந்தேகம் கேட்டால் தெரியாது என்றது. மெல்லிய குரலில் பேசினால் தூங்கிவிட்டது. 'சரி, எல்லோருக்கும் வழி எனக்குத் தெரிந்துவிடுமா என்ன?' என்று முகிலி பெருமூச்சு விட்டது.

கோடை உச்சிக்கு வந்தது. ஒரு பிற்பகல். மேல்காற்று சுழன்று சுழன்று அடித்தது. அடிவாரத்தில் கறுப்பாக ஒரு புகை எழுந்தது. முகிலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புகைக்குள் செம்மஞ்சளாக நாக்கு நீண்டது. இது அடுப்பு இல்லை!

"ஊ..." என்று குரல் தொண்டைக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய குரல் அல்லவா! முகிலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. கிளையிலிருந்து கிளைக்குப் பாய்ந்து, பட்ட வேங்கை மரத்தின்மேல் குதித்தது.

'தொம்! தொம்! தொம்! தொம்!'

முதலில் முயல்கள் கிளம்பின. பஞ்சு குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு ஓடியது, கிழக்கே!

எருமைக் கூட்டம் எழுந்தது. கொம்பாயி புகையைப் பார்த்தது. அதன் தலை மெல்ல மேட்டுப் பக்கம் திரும்பியது. பழைய பழக்கம்! முன்காலை மேட்டில் எடுத்து வைத்துவிட்டது. கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. முகிலி உதைப்பதை நிறுத்தவில்லை. கத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கத்தவில்லை.

அப்போது கன்றுகள் தடத்தில் இறங்கி ஓட ஆரம்பித்தன. அவை மொட்டைப்பாறைப் பக்கம் ஓடியது எப்போதோ ஒருமுறைதான். 'தொம் தொம்' என்று கேட்டால் அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வழிதான். கொம்பாயி கன்றுகளைப் பார்த்தது. தன் காலடியில் கிடந்த தடத்தைப் பார்த்தது. மேட்டில் வைத்த காலை எடுத்துத் தடத்தில் வைத்தது. அவ்வளவுதான்! கூட்டம் முழுவதும் மலை உருண்டதுபோலக் கிழக்கே திரும்பியது.

புகை வந்து மூடியது. கண் தெரியவில்லை. பாதி வழியில் முயல்கள் திகைத்து நின்றுவிட்டன.

"யாரும் நிற்காதீர்கள்!" என்று புகைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. மூக்கையன்! "எனக்கு எப்போதுமே கண் தெரியாது. எனக்கு இது புதிதா? ஈரச் சேற்றின் வாசனை இதோ வருகிறது. என் வாலை ஒட்டியே வாருங்கள்!"

பன்றியின் பின்னால் முயல்கள், முயல்களின் பின்னால் கேளையாடுகள் என்கிற குட்டி மான்கள், அவற்றுக்குப் பின்னால் யார் யாரோ. எல்லோரும் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். கருமந்திக் கூட்டமும் மரம் மரமாகத் தாவி வந்து சேர்ந்தது. கடைசியாக முகிலி வந்தது. வால்நுனி கருகியிருந்தது.

தீ வந்தது. எருமைத் தடத்தில் தின்பதற்குப் புல் கிடைக்காமல் தடுமாறியது. பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சீறியது. ஈரக்கோரையைக் கடித்துப் பார்த்துவிட்டு, மேலே திரும்பி, மலையில் பாய்ந்து ஏறியது. மொட்டைப்பாறையைச் சுற்றி வானம்வரை எழுந்தது.

எல்லோரும் சேற்றில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பாறையில் ஒருவரும் இல்லை. சரிவில் ஒருவரும் இல்லை. எல்லோரும் இங்கே இருந்தார்கள்!

கொம்பாயி தன் கூட்டத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. தலையை உயர்த்தி, "ம்மா...!" என்று மலை அதிரக் கூப்பிட்டது. அப்படி ஒரு பெருமிதமான குரலை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை.

"பார்த்தீர்களா? நாங்கள் போட்ட பாதை!" என்றது கொம்பாயி.

"பள்ளத்தைக் கண்டுபிடித்தது நான்!" என்றது மூக்கையன்.

"தொம் தொம் சத்தம் நான் சொன்னது!" என்றது பஞ்சு. அதன் குட்டிகள் திட்டின்மேல் எட்டிக் குதித்துக்கொண்டிருந்தன. பஞ்சு அவ்வளவு சத்தமாகப் பேசியதை யாரும் கேட்டதே இல்லை.

கோரைக்குள்ளிருந்து கலகலவென்று முட்கள் குலுங்கின. சேறு அப்பிய முகத்தோடு முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது.

"நீயுமா!" என்று முகிலி ஆச்சரியப்பட்டது. "உனக்கு எது புரிந்தது?"

"எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் இந்தப் பக்கம் ஓடினீர்கள். நான் மட்டும் தனியாக அந்தப் பக்கம் ஓடினால் நன்றாகவா இருக்கும்?" என்றது முள்ளம்பன்றி.

பள்ளமே சிரித்தது. முகிலியும் சிரித்தது. சிரிக்கும்போதே அதன் கண் நிறைந்துவிட்டது. பாதை தன்னுடையது என்று ஒருவர், பள்ளம் தன்னுடையது என்று ஒருவர், சத்தம் தன்னுடையது என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். முகிலி ஒரு வார்த்தை பேசாமல், கருகிய வாலைச் சேற்றில் குளிரவைத்துக்கொண்டு, அவர்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக அது உட்கார்ந்ததில்லை.

மழை விழுந்து மலை மறுபடியும் பசுமையானது. ஒருநாள் எதிர்மலையிலிருந்து ஒரு கலைமான் ஓடையைத் தாண்டி வந்தது.

"உங்கள் மலையில் ஒருவர்கூடச் சாகவில்லையாமே! எப்படி? எங்கள் மலைக்கு வந்து யாராவது எங்களுக்குச் சொல்ல வேண்டும்!"

கொம்பாயி, மூக்கையன், பஞ்சு மூன்றும் திரும்பி அத்தி மரத்தைப் பார்த்தன.

"அவளைக் கூட்டிக்கொண்டு போ," என்றது கொம்பாயி. "நாங்கள் எங்கள் வேலையைச் செய்தோம். எங்களை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவள் அவள்."

கலைமான் அண்ணாந்து கெஞ்சியது. "அம்மா, உங்கள் குரல் எங்கள் மலைவரை கேட்கும். எங்கள் எல்லோரையும் கூட்டி வைக்கிறேன். நல்லதாக ஒரு பேச்சுப் பேசுங்கள்!"

முகிலி கிளை கிளையாக இறங்கித் தரைக்கு வந்தது. கலைமானின் எதிரில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"பேச்சு இருக்கட்டும், தம்பி. உங்கள் மலையில் யார் யார் இருக்கிறீர்கள்? யார் எந்த வழியில் நடக்கிறீர்கள்? யாருக்கு எதைக் கண்டால் பயம்? முதலில் அதை எனக்குச் சொல். நான் கேட்கிறேன்."

ஒருவர் தன் வழியை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், நமக்குச் சொல்ல வருகிற விதத்தை விட்டுவிட்டு, அவர் கற்றுக்கொள்கிற விதத்தைத் தெரிந்து, அதன்படி அவருக்குச் சொல்ல வேண்டும்.